காணுதலும் தேர்தலும்: தலை, கழுத்துப் புற்றுநோய்ப் படமெடுப்பில் ஓர் அறவியல் வினா

அறிவு பெருகுவது எக்காலத்தும் நன்மையே என்னும் கொள்கை பொதுவாக வினாவுக்கு உட்படுத்தப்படுவதில்லை. கல்வியிலே அது ஒரு வாய்பாடு. ஆராய்ச்சியிலே அது முதற் கோட்பாடு. நோய் வந்த வீட்டிலோ அது ஒரு பதற்றம். "எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்துவிட வேண்டும்" என்பதே நோயாளியின் உறவினர் வாயில் முதலிற் பிறக்கும் வார்த்தை. அந்த 'எல்லாம்' என்பதன் எல்லை யாது, அதனை வகுப்பவர் யார், அதற்குரிய விலையைக் கொடுப்பவர் யார் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுவதில்லை. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், நோயுற்றவனது அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் மருத்துவன் எண்ணிப்பார்த்துச் செயற்படவேண்டும் என்று கூறுகின்றார். அங்கு இருமுறை வற்புறுத்தப்படுவது அளவு. இன்றைய மருத்துவக் கருவிகளுள் மிக நுட்பமானதொன்றாகிய காந்தப் பரிவு விம்பமாக்கலில், குறிப்பாகத் தலையிலும் கழுத்திலும் தோன்றும் புற்றுநோய்க் கட்டிகளைப் படமெடுக்கும்போது, அந்த அளவு என்பது எவ்வாறு பொருள்படுகின்றது என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருள் மருத்துவ பீடத்துக்கே உரியது, கலைப்பீடத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் உளர். கருவியை இயக்குவது மருத்துவ பீடத்தின் வேலைதான். ஆனால் எதைக் காணவேண்டும் எனத் தேர்வதும், கண்டதை எவ்வளவு நம்பலாம் எனத் தெளிவதும், கண்டதை யாருக்குச் சொல்வதென முடிவுசெய்வதும் அறிவாராய்ச்சியும் ஒழுக்கவியலும் நெடுங்காலமாகப் பேசிவரும் பொருள்கள்.

கருவியின் வரலாறு சுருக்கமாகச் சொல்லத்தக்கது. அணுக்கருவின் காந்தப் பரிவை 1946இல் பேசெலும் பிளொக்கும் தனித்தனியே கண்டறிந்தனர். 1952இல் இருவருக்கும் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. கட்டித் திசுவின் பரிவுப் பண்பு இயல்பான திசுவினின்றும் வேறுபடுகின்றது என்பதை 1971இல் டமாடியன் எலிகளின் திசுக்களைக் கொண்டு காட்டினார். 1973இல் லோற்றர்பர் அப்பரிவிலிருந்து ஒரு விம்பத்தையே ஆக்கமுடியும் என நிறுவினார். 2003இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு லோற்றர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் வழங்கப்பட்டபோது, விடுபட்ட டமாடியன் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் மூலம் தம் கண்டனத்தை வெளியிட்டமை விஞ்ஞான உலகின் சுவையான சச்சரவுகளுள் ஒன்று.

பொதுமக்கள் எம்.ஆர்.ஐ. என்பதை ஒரு புகைப்படம் போலக் கருதுகின்றனர். புகைப்படத்துக்கு ஒளி போதும். கமரா எந்த வினாவும் கேட்பதில்லை. இங்கோ நிலைமை வேறு. பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ முப்பதினாயிரம் மடங்கு வலிமையுள்ள, 1.5 ரெஸ்லா அளவான புலத்தினுள் உடல் வைக்கப்படுகின்றது. உடலின் நீரிலும் கொழுப்பிலுமுள்ள ஐதரசன் கருக்கள் அப்புலத்தில் ஒழுங்குபடுகின்றன. ஏறக்குறைய 64 மெகாஹேட்ஸ் அதிர்வெண்ணுடைய வானொலி அலை அவற்றைக் கலைக்கின்றது. (பண்பலை வானொலி நிலையங்கள் பேசும் அலைவரிசைக்குச் சற்றுக் கீழே இருப்பது அது.) கலைந்த கருக்கள் மீளும்போது எழுப்பும் மெல்லிய ஓசையே பதிவாகின்றது. மீளும் விதத்தில் எந்தக் கூறினைக் கேட்கவேண்டும் என்பதை இயக்குபவர் முன்கூட்டியே தெரிவுசெய்ய வேண்டும். ஆகவே ஒரே உடலிலிருந்து பல விம்பங்கள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வினாவுக்குரிய விடை. கேட்கப்படாத வினாவுக்கு அக்கருவி விடை தருவதில்லை.

தலையும் கழுத்தும் இவ்வுண்மையை நன்கு விளக்கும் இடங்கள். சில சென்ரிமீற்றர் அகலத்துக்குள் எலும்பு, காற்று, கொழுப்பு, தசை, சுரப்பி, நரம்பு, பெருங்குருதிக் கலன்கள் யாவும் நெருங்கிக் கிடக்கின்றன. நாக்கு ஓயாது அசைகின்றது, தொண்டை விழுங்குகின்றது, பல்லில் உலோகம் இருக்கின்றது. ரி1 எனப்படும் முறையில் கொழுப்பு வெண்மையாகவும் கட்டி கருமையாகவும் தோன்றும். தாடை எலும்பின் உள்ளே மச்சைக் கொழுப்பு இருத்தலால், அவ்வெண்மையிடையே ஒரு கரிய இடம் தென்படின் நோய் எலும்பினுட் புகுந்ததோ என ஐயுறலாம். ரி2 முறையில் நீர்மிகுந்த இடங்கள் ஒளிரும், கட்டியும் ஒளிரும், வீக்கமும் ஒளிரும். கொழுப்பின் ஒளி இடையூறாகுமிடத்து அதனை அடக்கவேண்டும். அதற்கும் பல வழிகள் உள. அதிர்வெண்ணால் அடக்கும் வழி, காற்றும் எலும்பும் சந்திக்கும் மண்டையோட்டின் அடிப்பகுதியிற் பிழைத்துப்போகக்கூடும். நேரத்தால் அடக்கும் வழி அங்கு உறுதியானது. ஆயின் அதன் விம்பம் மங்கல். மேலும், கடோலினியம் என்னும் மாறுபாட்டு மருந்து ஏற்றிய பின்னர் அவ்வழியைக் கையாளின் மருந்து படிந்த கட்டியும் கொழுப்போடு சேர்ந்து மறைந்துவிடலாம். நீரையும் கொழுப்பையும் வெவ்வேறாகப் பிரித்தெடுக்கும் வழியொன்றை 1984இல் டிக்சன் முன்மொழிந்தார். அது இன்று பெரிதும் பயன்படுகின்றது. எதனை முன்னர் எடுப்பது, எதனைப் பின்னர் எடுப்பது என்னும் வரிசையே காட்சியை மாற்றிவிடுகின்றது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

பரவலை அளக்கும் முறை மற்றொன்று. கலங்கள் நெருங்கிச் செறிந்த கட்டியினுள் நீர் மூலக்கூறுகள் தாராளமாக உலவ இயலாது. அந்தத் தடையையே அம்முறை படமாக்குகின்றது. கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்தபின் கழுத்திற் காணும் தடிப்பு, மீண்டெழுந்த நோயா, வெறும் தழும்பா என்னும் வினாவுக்கு அது பெருந்துணை. ஆயினும் அதன் விரைவான வடிவம் காற்றுக்கும் உலோகப் பல்லுறைக்கும் அருகே உருவங்களை நெளித்துக் காட்டும். நெளிவு குறைந்த வடிவத்துக்கோ கூடுதலான நேரம் வேண்டும். மாறுபாட்டு மருந்து திசுவினுள் ஏறி இறங்கும் வேகத்தை அளக்கும் முறை, கன்ன உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளின் வகையைப் பிரித்தறிய உதவும். எலும்பின் புறவோட்டைக் காண்பதற்குச் சீ.ரி. ஸ்கான் சிறந்தது, அது சில செக்கன்களில் முடிவதால் விழுங்காமல் இருக்க இயலாத நோயாளிக்கும் ஏற்றது. பெரிய கருவியே எப்போதும் சிறந்தது என்னும் எண்ணம் இவ்விடத்தில் தகர்ந்துபோகின்றது.

ஆழம் பற்றிய ஒரு செய்தியை மட்டும் சற்று விரித்துரைத்தல் தகும். 2018 முதல் நடைமுறையிலுள்ள புற்றுநோய் நிலைவகுப்பின் எட்டாம் பதிப்பு, நாக்குப் புற்றுநோயின் மேற்பரப்பு அகலத்தோடு அது உள்ளே ஊடுருவிய ஆழத்தையும் கணக்கில் எடுக்கின்றது. ஐந்து மில்லிமீற்றரைத் தாண்டினால் ஒரு படி உயரும்; பத்தைத் தாண்டினால் இன்னொரு படி உயரும். ஆனால் விம்பத்தின் ஒரு துண்டின் தடிப்பே வழக்கமாக மூன்று அல்லது நான்கு மில்லிமீற்றர். கட்டியைச் சூழ்ந்த வீக்கமும் கட்டியாகவே தோன்றி ஆழத்தை மிகுத்துக் காட்டுவதுண்டு. துண்டை மெல்லியதாக்கினால் ஓசை குறையும். ஓசையை மீட்க நேரத்தைக் கூட்டவேண்டும். நேரம் கூடினால் நோயாளி விழுங்குவார். விழுங்கினால் விம்பம் கலங்கும். ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழக்கவேண்டிய இம்முடிச்சை எந்தப் பணமும் முற்றாக அவிழ்த்துவிட முடியாது.

இனி, இவ்வாறு பெறப்படும் அறிவு எவ்வகையைச் சார்ந்தது? தமிழில் அளவையியல் பேசிய நூல்கள் இவ்விடத்தில் வியக்கத்தக்க வகையிற் பயன்தருகின்றன. மணிமேகலையின் சமயக்கணக்கர் காதை அளவைகளைப் பலவாக எண்ணுகின்றது. அருணந்தி சிவாசாரியரின் சிவஞான சித்தியார், பிறர் கூறும் அளவைகளையெல்லாம் எடுத்துக்காட்டி, அவற்றைக் காட்சி, கருதல், உரை என மூன்றனுள் அடக்குகின்றது. எம்.ஆர்.ஐ. விம்பத்தைப் பார்ப்பவர் அதனைக் காட்சி என எண்ணுகின்றார். உண்மையில் அது கருதல். ஓசையிலிருந்து கணிதத்தின் வழியாக இடமும், இடத்திலிருந்து நிழலும், நிழலிலிருந்து நோயும் உய்த்துணரப்படுகின்றன. புகையைக் கண்டு நெருப்பைத் துணிபவன் தான் நெருப்பைக் கண்டதாகச் சொல்வதில்லை. விம்பத்தைக் கண்டவரோ "கட்டியைக் கண்டேன்" என்கின்றார். இச்சொல்வழக்கு சிறியதெனினும் அது தரும் துணிவு பெரிது.

காட்சிக்கே ஐயம், திரிபு என்னும் குற்றங்கள் உண்டெனின், கருதலுக்கு அவை இரட்டிப்பாகும். நெடுங்காலம் வெற்றிலை மென்ற ஒருவரின் பற்கள் பெரும்பாலும் கெட்டிருக்கும். அண்மையிற் பல் பிடுங்கிய இடத்திலும் தாடை மச்சை கருமையாகத் தோன்றும். இது ஐயம். கொழுப்படக்கம் பிழைத்த மூலையில் இல்லாத நோய் இருப்பதுபோல ஒளிர்தல் திரிபு. இவை இரண்டினும் கடினமானது இன்மை பற்றிய அறிவு. மேசையிற் குடம் இல்லை என்பதைக் கண்டே அறிகின்றோமா, காணாமையால் அறிகின்றோமா என அளவையியலார் வழக்காடினர். கழுத்து நிணநீர்க் கணுக்களில் நோய் தென்படவில்லை என எழுதப்படும் அறிக்கை அவ்வழக்கை உயிர்ப்பிக்கின்றது. குடத்தைப் பொறுத்தவரை, இருந்திருந்தால் கண்டிருப்போம் என்று சொல்லலாம். கணுவினுள்ளே ஒரு மில்லிமீற்றர் அளவான நோய்த்துளியைப் பொறுத்தவரை அவ்வாறு சொல்ல இயலாது. 'தென்படவில்லை' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் இடையிலுள்ள அவ்வெளியிலேதான் கழுத்துச் சத்திரசிகிச்சை செய்வதா, காத்திருப்பதா என்னும் முடிவு கிடக்கின்றது.

நூலறிவை விட்டு நகரத்துக்கு வருவோமாக. பம்பலப்பிட்டியில், காலி வீதியோரம், வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் விற்கும் ஒரு முதியவரைக் கற்பனை செய்துகொள்க. விற்பதை அவரும் நாற்பது ஆண்டுகளாக மென்றுவந்திருக்கின்றார். இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்பதைத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு நெடுங்காலமாகக் காட்டிவருகின்றது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை விளைவிப்பது என்பதைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 1985இலேயே அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலையும், தனியே பாக்கும்கூட அவ்வாறானவையே என 2004இல் வெளியான அதன் நூல் உரைத்தது. அம்முதியவரின் நாக்கின் ஓரத்தில் ஆறாத புண் ஒன்று தோன்றுகின்றது. சிறுதுண்டு வெட்டிச் சோதித்ததில் நோய் உறுதியாகின்றது. அவர் முன் இரு வழிகள் உள்ளன. மகரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலை போன்ற அரசாங்க நிறுவனங்களில் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு கருவிக்குப் பலர் காத்திருப்பர். தனியார் நிலையத்தில் நாள் விரைவிற் கிடைக்கும். ஆனால் கடையை அடகுவைக்க நேரிடலாம்.

அவருக்கு எத்தனை விம்பங்கள் எடுக்கவேண்டும்? முழுவதும் எடுத்தால் ஏறக்குறைய முக்கால் மணிநேரம் கழியும். இரு முறைகளைக் குறைத்தால் அதே நாளில் இன்னொருவருக்கு இடம் கிடைக்கலாம். அந்த இன்னொருவர் இரத்தினபுரியிலிருந்தோ ஹற்றனிலிருந்தோ இரவு பஸ் ஏறி வந்தவராக இருத்தல் கூடும். வரிசையில் முன்னே நிற்பவரின் முகம் தெரிகின்றது. பின்னே நிற்பவரின் முகம் தெரிவதில்லை. மருத்துவ ஒழுக்கவியல் பெரும்பாலும் முகம் தெரிந்தவரைப் பற்றியே பேசிவந்துள்ளது. தம் முன்னுள்ள நோயாளிக்கு இயன்றதனைத்தும் செய்தல் மருத்துவரின் கடன் என்பது உண்மையே. ஆயினும், இலவச மருத்துவம் என்பது பொதுச்சொத்து. அதிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வொரு நிமிடமும் யாரோ ஒருவருடைய நிமிடம். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்ட நாட்டுக்கு இதனை நீட்டி விளக்கவேண்டியதில்லை.

இதற்கு ஓர் அளவுகோல் தரமுடியும். ஒரு விம்பத்தை எடுக்குமுன், அது இவ்வாறு வந்தால் என்ன செய்வோம், அவ்வாறு வந்தால் என்ன செய்வோம் எனக் கேட்கவேண்டும். இரு விடைகளும் ஒன்றேயாயின் அவ்விம்பத்தால் சிகிச்சை மாறுவதில்லை. நாக்கின் புண் நடுக்கோட்டைத் தாண்டியதா என அறிதல் நாக்கில் எவ்வளவு எஞ்சும் என்பதைத் தீர்மானிக்கும். எஞ்சுவதைப் பொறுத்தே அவர் மீண்டும் பேசுவதும் சோறு விழுங்குவதும் அமையும். அதற்குரிய விம்பத்தில் ஒரு நிமிடமும் குறைக்கலாகாது. தாடை விறைக்கின்றது என்று அவர் சொன்னால், நரம்பின் வழியே நோய் மண்டையோட்டின் அடிவரை ஏறியிருக்கலாம். அங்கே மெல்லிய துண்டுகளாகவும், மருந்து ஏற்றியும், கொழுப்பை அடக்கியும் தேடவேண்டும். அவ்வாறு ஒன்றும் சொல்லாதவருக்கு அத்தேடலின் தேவை குறைவு. இவ்விடத்தில் உரையளவை காட்சிக்கு வழிகாட்டுகின்றது. கோடிக்கணக்கான ரூபா பெறுமதியான காந்தத்தை எங்கே திருப்புவதென நோயாளியின் ஒரு சொல் தீர்மானிக்கின்றது. அச்சொல்லைக் கேட்பதற்கு மூன்று நிமிடம் ஒதுக்காத இடத்தில் முக்கால் மணிநேரப் படமெடுப்பு வீண்செலவாகலாம்.

கடோலினியம் பற்றியும் இவ்வளவுகோலே பொருந்தும். சிறுநீரகம் பெரிதும் பழுதுற்றோருக்கு அம்மருந்தின் சில வகைகளால் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகும் கொடிய நோய் வரலாம் என்பது 2006இல் தெளிவாயிற்று. இன்று விரும்பப்படும் வகைகளில் அவ்வாபத்து மிகச் சிறிது. ஆயினும் வடமத்திய மாகாணத்தில், காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990கள் முதல் விவசாயக் குடும்பங்களை வாட்டிவரும் நாட்டில், மருந்தேற்றுமுன் சிறுநீரகத்தைப் பற்றி விசாரித்தல் வெறும் சடங்காகிவிடலாகாது.

இன்னும் ஒரு விசாரணை உண்டு. காந்த அறைக்குள் நுழையுமுன் உடலில் உலோகம் உண்டா எனக் கேட்பார்கள். வேற்று நாடுகளில் இவ்வினா இதயமுடுக்கியையும் பழைய சத்திரசிகிச்சைகளையும் பற்றியது. வடக்கிலும் கிழக்கிலும் இருந்து வந்தவர்களிடத்தில் அது 2009இல் முடிந்த போரைப் பற்றிய வினாவாகவும் மாறிவிடுகின்றது. ஷெல் துண்டுகளை உடலிற் சுமந்து வாழ்வோர் பலர். எங்கே, எப்போது, எப்படி என்று சொல்ல அவர்கள் தயங்கக்கூடும். கண்ணருகிலுள்ள ஒரு துண்டு காந்தத்தில் அசைந்தால் பார்வை போய்விடும். பாதுகாப்புக்காகக் கேட்கப்படும் வினா, விசாரணைக்காகக் கேட்கப்பட்ட வினாக்களின் நினைவை எழுப்பாதபடி கேட்பதற்கு ஒரு பண்பாடு வேண்டும். தாலியைக் கழற்றச் சொல்லும்போதும் அவ்வாறே. பொன் காந்தத்தால் இழுபடுவதில்லை எனினும், கலந்துள்ள உலோகமும் விம்பத்திற் படியும் நிழலும் கருதி அதனைக் கழற்றும்படி கேட்பது வழக்கம். ஏனென்று ஒரு வாக்கியம் சொன்னால் பெண்கள் கழற்றுவர். சொல்லாதவிடத்து அது அபசகுனமாகிக் குழாயினுள்ளும் அவர்களை அலைக்கழிக்கும்.

மொழியும் இங்கே ஒரு தொழில்நுட்பப் பிரச்சினையாகின்றது. "விழுங்கவேண்டாம், அசையவேண்டாம்" என்னும் கட்டளை புரியாத மொழியில் ஒலிவாங்கி வழியே வந்தால், இரைச்சலினிடையே கிடப்பவர் அது தம்மை எழும்பச் சொல்கின்றதோ என எண்ணித் தலையைத் தூக்கலாம். விம்பம் கலங்கும். அறிக்கையிலே நோயாளியின் அசைவால் தெளிவில்லை என எழுதப்படும். குற்றம் யாருடையது என்பதை அவ்வாக்கியம் முன்னரே தீர்த்துவிடுகின்றது.

அளவுகோலைப் பற்றிய எதிர்வாதங்களையும் நோக்கவேண்டும். இவ்வளவு நுட்பம் பேசுவதைவிட, நோயை முன்னரே கண்டுபிடிப்பதே அறம் என்பர் சிலர். அவர்களிடம் வலுவான சான்று உண்டு. ஆரம்பச் சுகாதார ஊழியர்களைப் பயிற்றி, வெறும் கண்ணால் வாயைச் சோதித்து, புற்றுக்கு முந்திய புண்களை இனங்காணலாம் என்பதை 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியான இலங்கை ஆய்வொன்று காட்டியது. ஒரு மின்சூழும் நாக்கை அழுத்தும் ஒரு தட்டையும் போதும். மலையகத் தோட்டங்களில், கொழுந்து கூடையோடு வெற்றிலைப் பையும் சுமக்கும் பெண்களுக்கு அவை காந்தத்தைவிடப் பெரிய கருவிகள். இவ்வாதத்தின் முதற்பாதி முழுவதும் சரியானது. ஆனால், தடுத்திருக்கலாமே என்பதைச் சொல்லி, தடுக்கப்படாதவருக்குக் குறைந்த விம்பம் போதும் எனத் துணிதல் கொடுமை. மென்றது அவர் குற்றமென்றால், பாக்கைத் தாம்பாளத்தில் வைத்து வரவேற்றது ஊர் முழுவதன் குற்றம்.

மற்றோர் எதிர்வாதம் இதனினும் ஆழமானது. சிகிச்சையை மாற்றாத அறிவு பயனற்றது எனக் கூறுவது, நோயாளியைச் சிகிச்சைக்குரிய பொருளாக மட்டும் காண்பதாகும் என்பர். நோய் முற்றிய ஒருவர், மருந்து வேறில்லை என்று தெரிந்தும், எங்குவரை பரவியுள்ளது என அறிய விரும்பலாம். மகளின் கலியாணத்தை முன்னுக்கு எடுப்பதா, காணியை யாருக்கு எழுதுவது, குரல் இருக்கும்போதே யாரோடு பேசிவிடுவது என்பன அவருக்குரிய தீர்மானங்கள். வைத்தியக் குறிப்பேட்டில் அவற்றுக்கு இடமில்லை. இவ்வாதத்தை மறுக்க இயலாது. ஆகவே அளவுகோலைத் திருத்தவேண்டும்: ஒரு விம்பம் மாற்றக்கூடிய முடிவு வைத்தியரின் முடிவாக மட்டும் இருக்கவேண்டியதில்லை, நோயாளியின் வாழ்வுபற்றிய முடிவும் அதனுள் அடங்கும்.

திருத்திய அளவுகோல் உடனே இன்னொரு சிக்கலை எழுப்புகின்றது. நோயாளியின் முடிவுக்காக விம்பம் எடுப்பதெனின், நோயாளிக்குச் சொல்லவேண்டும். ஆனால் தமிழ்க் குடும்பங்களில் அறிக்கையை வாங்குபவர் பெரும்பாலும் மூத்த மகன். உறையைப் பிரித்து வாசித்துவிட்டு, "அப்பாவுக்கு ஒன்றும் சொல்லவேண்டாம், டொக்டர். அவர் தாங்கமாட்டார்" என்கின்றான். அவன் அன்பில் ஐயமில்லை. ஆயினும் தாங்கமாட்டார் என்பதும் ஒரு கருதலே. அதுவும் ஐயத்துக்கும் திரிபுக்கும் உட்பட்டது. முக்கால் மணிநேரம் இரைச்சலில் அசையாது கிடந்தவர், எதற்காகக் கிடந்தார் என்பதை ஓரளவு அறிந்தே கிடந்திருப்பார். வெளியே வந்தபின் அவர் ஒன்றும் கேட்காதிருந்தால், கேட்க விரும்பவில்லை என்பது பொருளா, மகனைத் துன்புறுத்த விரும்பவில்லை என்பது பொருளா? எந்த ரெஸ்லாவிலும் இதற்கு விம்பம் இல்லை, அவரைத்தான் கேட்கவேண்டும். அதுவும் படம் எடுத்தபின் கேட்பதாயின் காலம் கடந்துவிடும். எவ்வளவு அறிய விரும்புகின்றீர்கள், யாரிடம் சொல்லவேண்டும் என்னும் இரு வினாக்களும், சிறுநீரகத்தையும் உலோகத்தையும் பற்றிய வினாக்களோடு சேர்த்து, அவர் குழாயினுள் நுழையுமுன்பே, அவருடைய மொழியிலே, மகன் சற்று அப்பால் நிற்கும்போது கேட்கப்படவேண்டியவை.